பீட் நிலங்களும் நீர்மட்டமும்: பாதுகாப்பு மாநாடுகளின் பின்னணி

இங்கிலாந்தின் கிழக்கே ஹோம் ஃபென் என்னும் சதுப்புப் பகுதியில் ஓர் இரும்புத் தூண் நிற்கிறது. பக்கத்திலிருந்த பெரிய ஏரியை வடித்து விளைநிலமாக்கும் வேலை 1851ஆம் ஆண்டையொட்டி நடந்தபோது, நீர் போன பிறகு தரை எவ்வளவு தாழும் என்று பார்ப்பதற்காக அந்தத் தூணை அடியிலுள்ள களிமண் வரை இறக்கி, அதன் தலை தரைமட்டத்தோடு ஒட்டியிருக்குமாறு புதைத்தார்கள். இன்று அந்தத் தலை நிமிர்ந்து பார்க்க வேண்டிய உயரத்தில், தரையிலிருந்து ஏறத்தாழ 4 மீட்டர் மேலே இருக்கிறது. சுற்றியிருந்த நிலம் அந்த அளவுக்குக் கீழே போயிருக்கிறது. நீரை இழந்து அமுங்கியது ஒரு பங்கு. காற்றுப் பட்டு மட்கி, கரியமில வாயுவாக வானத்துக்குப் போனது இன்னொரு பங்கு.

இப்படிப் பாதி மட்கிய செடிகள் நீருக்கடியில் படிந்து உருவான மண்ணுக்குப் பீட் என்று பெயர். பீட் நிலங்களின் பாதுகாப்பும் மீட்டெடுப்பும் குறித்து நடக்கும் மாநாடுகளில் பேசப்படும் பொருள்கள் பல. பல்லுயிர் வளம், காட்டுத்தீ, உமிழ்வைத் தவிர்த்ததை விலைக்கு விற்கும் கார்பன் சந்தை, உழவர் வருமானம், பழங்குடி மக்களின் நில உரிமை என நிகழ்ச்சி நிரல் நீண்டுகொண்டே போகும். ஆயினும் எந்த அமர்வின் விவாதத்தைத் தொடர்ந்து சென்றாலும் அது கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: தரைக்குக் கீழே எத்தனை சென்டிமீட்டரில் நீர் நிற்க வேண்டும், அதை முடிவு செய்யும் அதிகாரம் யாருடையது? இந்தக் கேள்வியை முன்னால் வைத்துக்கொண்டால், வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சிக்கலாகத் தெரியும் இம்மாநாடுகளின் பூசல்களும் உடன்பாடுகளும் பெருமளவு விளங்கிவிடும் என்பது என் கருத்து.

பீட் என்பதை நம் பாடநூல்கள் முற்றா நிலக்கரி என்று குறிப்பிடுவதுண்டு. செடி இறந்தால் மட்கிப்போவது இயல்பு. ஆனால் ஆண்டு முழுவதும் நீர் தேங்கியிருக்கும் இடத்தில் உயிர்வளி உள்ளே புகுவதில்லை என்பதால், மட்கச் செய்யும் நுண்ணுயிர்களின் வேலை மிகவும் மந்தமாகிவிடுகிறது. இலையும் வேரும் பாசியும் பாதி மட்கிய நிலையிலேயே ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. வளர்ச்சி ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். ஒரு மீட்டர் அடுக்கு சேர ஆயிரம் ஆண்டுகள் ஆகும். வடக்குக் குளிர்நாடுகளில் இந்த வேலையைப் பெரிதும் செய்வது ஸ்பேக்னம் என்னும் பாசி. தன் உலர் எடையைப் போல 20 மடங்கு நீரைப் பிடித்து வைக்கும் இந்தப் பாசி, தன்னைச் சுற்றியுள்ள நீரை அமிலமாக்கிப் பிற செடிகளை அண்டவிடாமல் செய்கிறது. வெப்பமண்டலத்திலோ பாசிக்குப் பதிலாகச் சதுப்புக் காட்டு மரங்களின் வேர்களும் தண்டுகளும் படிந்து பீட் உருவாகிறது. டென்மார்க்கில் 1950இல் பீட் வெட்டியவர்கள் கண்டெடுத்த டோலுண்ட் மனிதனின் உடல், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் முகச்சுருக்கம் கூடத் தெரியும்படி இருந்தது. அந்த உடலைக் காத்த அதே நிலைமைதான் கார்பனையும் காக்கிறது.

உலக நிலப்பரப்பில் பீட் நிலங்களின் பங்கு சுமார் 3 சதவீதம். பரப்பளவில் ஏறத்தாழ 50 கோடி ஹெக்டேர். உலகத்துக் காடுகளின் மரம், இலை, வேர் எல்லாவற்றிலும் உள்ள கார்பனைவிட அதிகமான கார்பன் இந்தச் சிறு பங்கில் அடைந்து கிடக்கிறது. இவற்றில் சுமார் எட்டில் ஒரு பங்கு மனிதரால் வடிக்கப்பட்டோ சிதைக்கப்பட்டோ இருக்கிறது. அந்த எட்டில் ஒரு பங்கிலிருந்து மட்டும் மனிதச் செயல்களால் வரும் மொத்தப் பசுங்குடில் வாயு உமிழ்வில் சுமார் 4 சதவீதம் வெளியேறுகிறது. இவ்வளவு குறுகிய பரப்பில் இவ்வளவு பெரிய உமிழ்வு குவிந்திருக்கும் நிலவகை வேறு இருப்பதாகத் தெரியவில்லை. காலநிலைப் பேச்சுவார்த்தைகளில் காடுகளுக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு சிறு பங்கு கூட நெடுங்காலம் பீட் நிலங்களுக்குக் கிடைக்காதது வருத்தத்திற்குரியது. காடு கண்ணுக்குத் தெரிகிறது. பீட் கால்களுக்குக் கீழே இருக்கிறது. பார்ப்பவர்களுக்கு அது பயனற்ற சேறாகத் தோன்றுகிறது.

நீரை வடித்தால் நடப்பது எளிய வேதியியல். வாய்க்கால் வெட்டியதும் நீர்மட்டம் இறங்குகிறது. இறங்கிய ஆழம் வரை காற்று புகுகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தள்ளிப்போடப்பட்டிருந்த மட்குதல் உடனே தொடங்குகிறது. பிரிட்டனைச் சேர்ந்த கிறிஸ் எவன்ஸ் தலைமையிலான ஆய்வுக் குழு பல நாட்டு அளவீடுகளைத் திரட்டி 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆழமாக வடிக்கப்பட்ட பீட் நிலத்தில் நீர்மட்டத்தை ஒவ்வொரு 10 சென்டிமீட்டர் உயர்த்தும்போதும் ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 3 டன் கரியமில வாயுவுக்கு இணையான உமிழ்வு குறைகிறது. இந்த ஒரு கணக்கு மாநாடுகளின் பேச்சையே மாற்றியது என்று சொல்வேன். அதுவரை, நிலத்தை முழுமையாக நனைத்துச் சதுப்பாக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்படியே விட்டுவிட வேண்டும் என்ற இரண்டே வழிகள்தான் உழவர்முன் வைக்கப்பட்டன. நீரை ஓரளவு உயர்த்தினாலும் அந்த அளவுக்குப் பயன் உண்டு என்பது எண்ணால் நிறுவப்பட்ட பிறகு, இடைப்பட்ட வழிகளைப் பற்றிப் பேச இடம் பிறந்தது.

நீர்மட்டத்தைப் பொருட்படுத்தாத திட்டம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இந்தோனேசியாவின் மத்திய கலிமந்தானைவிடக் கொடிய சான்று கிடையாது. அதிபர் சுகார்த்தோவின் ஆட்சியில், நாட்டின் அரிசித் தேவைக்காகப் பத்து லட்சம் ஹெக்டேர் சதுப்புக் காட்டை நெல்வயலாக்கும் பெருந்திட்டம் 1996இல் தொடங்கப்பட்டது. 4,000 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்கு வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. பீட் நிலம் தட்டையாகத் தோன்றினாலும் நடுவே மேடிட்ட ஒரு கவிகை போன்றது. மழைநீரை அந்த மேடே பிடித்து வைத்துச் சிறுகச் சிறுக விடுகிறது. மேட்டைக் குறுக்கே அறுத்துச் சென்ற வாய்க்கால்கள் அந்த நீரை ஆறுகளுக்குக் கொண்டுபோய்க் கொட்டின. அமிலம் மிகுந்த, சத்துக் குறைந்த மண்ணில் நெல் எதிர்பார்த்தபடி விளையவில்லை. சில ஆண்டுகளிலேயே திட்டம் கைவிடப்பட்டது. வாய்க்கால்கள் மட்டும் நின்றுவிடாமல் நீரை வடித்துக்கொண்டே இருந்தன.

1997இல் எல் நினோ வறட்சி வந்தபோது காய்ந்த பீட் தீப்பற்றியது. பீட் தீ காட்டுத்தீயைப் போல் கொழுந்துவிட்டு எரிந்து ஓய்வதில்லை. தரைக்கு அடியில் கனன்று, வாரக்கணக்கில் பக்கவாட்டில் நகர்ந்து, மழைக்காலம் வரும்வரை அணையாமல் இருக்கும். அந்த ஆண்டு இந்தோனேசியாவின் பீட் நிலங்களிலும் காடுகளிலும் எழுந்த தீயால் 0.81 முதல் 2.57 பில்லியன் டன் வரை கார்பன் வெளியேறியிருக்கலாம் என்று சூசன் பேஜும் அவருடைய குழுவினரும் 2002இல் மதிப்பிட்டார்கள்; அது உலகம் அப்போது ஓராண்டில் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வெளியிட்டதில் 13 முதல் 40 சதவீதத்துக்குச் சமம். 2015இல் அதே கதை மீண்டும் நடந்தது. 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. இந்தோனேசியாவுக்கு ஏற்பட்ட இழப்பை உலக வங்கி 1,600 கோடி டாலர் என்று கணித்தது. புகைமூட்டம் சிங்கப்பூரையும் மலேசியாவையும் வாரக்கணக்கில் மூடியது. அதை மூச்சில் இழுத்த கோடிக்கணக்கான மக்களில் பெரும்பாலோருக்குப் பீட் என்ற சொல்லே தெரிந்திருக்காது.

அதன் பிறகே 2016 ஜனவரியில் இந்தோனேசியா பீட் மீட்டெடுப்புக்கென்று தனி அமைப்பை உருவாக்கி, ஐந்தாண்டுகளில் 20 லட்சம் ஹெக்டேரை மீட்பது என்ற இலக்கை அதற்கு வைத்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட அரசு விதி, பயன்பாட்டிலுள்ள பீட் நிலங்களில் நீர்மட்டம் தரைக்குக் கீழே 40 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது என்றது. ஒரு நாட்டின் சட்டத்தில் சென்டிமீட்டர் கணக்கில் நீர்மட்டம் எழுதப்பட்டது பெரிய முன்னேற்றம். ஆயினும் 40 என்ற எண் இயற்கை வகுத்த எல்லை அன்று. எண்ணெய்ப்பனைத் தோட்டத்தின் விளைச்சலும் மண்ணின் பாதுகாப்பும் பேரம் பேசி நின்ற இடம் அது. நீர் 40 சென்டிமீட்டரில் நின்றாலும் மேலுள்ள பீட் மட்கிக்கொண்டுதான் இருக்கும், வேகம் குறையும், அவ்வளவே. வடிக்கப்பட்ட வெப்பமண்டலப் பீட் நிலம் தொடக்க ஆண்டுகளின் பெருஞ்சரிவுக்குப் பிறகும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் தாழ்ந்துகொண்டே போகிறது. கடலோரத் தாழ்நிலங்களில் இது பல பத்தாண்டுகள் தொடர்ந்தால், ஆற்று மட்டத்துக்கும் கீழே போன நிலத்திலிருந்து நீரை வடிக்கவே முடியாமல் போய், எந்தத் தோட்டத்துக்காக வடித்தார்களோ அந்தத் தோட்டமே வெள்ளத்தில் மூழ்கும்.

நீர்மட்டத்தை உயர்த்தியாக வேண்டும் என்ற இந்தக் கருத்து மாநாட்டு மேடைகளில் எளிதாக ஏற்கப்பட்டுவிடவில்லை. அதற்கு மாநாடுகளின் வரலாறே ஒரு காரணம். முதலாவது சர்வதேச பீட் மாநாடு 1954இல் டப்ளினில் நடந்தபோது கூடியவர்களின் அக்கறை, பீட்டை எப்படித் திறம்பட வெட்டி எரிபொருளாக்குவது என்பதே. 1968இல் கியூபெக்கில் மூன்றாவது மாநாட்டின்போது உருவான சர்வதேச பீட் சங்கம், தொழில்துறையினரையும் ஆய்வாளர்களையும் ஒரே கூரையின்கீழ் கொண்டது. சதுப்புகளைக் காப்பதையே நோக்கமாகக் கொண்ட வல்லுநர் வலையமைப்பான சர்வதேசச் சதுப்புப் பாதுகாப்புக் குழு 1984இல்தான் பிறந்தது. பயன்பாடு, பாதுகாப்பு என்ற இந்த இரு மரபுகளும் நெடுங்காலம் ஒன்றையொன்று ஐயத்தோடு பார்த்தன. 2016 ஆகஸ்டில் மலேசியாவின் கூச்சிங்கில், முதன்முறையாக வெப்பமண்டலத்தில், சர்வதேச பீட் மாநாடு கூடியபோது அந்த ஐயம் வெளிப்பட வெடித்தது. பீட் நிலத்தில் வேளாண்மை செய்வதால் பெரிய கேடு இல்லை என்று மாநாட்டையொட்டி வந்த செய்திகளை மறுத்து நூற்றுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் கையெழுத்திட்ட கடிதம் ஆய்விதழில் வெளியானது. ஒரு மாநாட்டின் பெயரால் நாளேட்டில் வரும் ஒரு வரி, பல லட்சம் ஹெக்டேரின் தலைவிதியை அசைக்கக்கூடும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

அரசுகளுக்கிடையிலான ஏற்பாடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஈரநிலங்களுக்கான ராம்சர் உடன்படிக்கை 1971இல் கையெழுத்தானது. பீட் நிலங்களுக்கான உலகளாவிய வழிகாட்டுதல்களை அதன் உறுப்பு நாடுகள் 2002இல் வலென்சியாவில் ஏற்றன. 2016இல் மராக்கேஷ் காலநிலை மாநாட்டில் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் முன்னெடுப்பில் உலகப் பீட் நில முயற்சி தொடங்கியது. 2018இல் இந்தோனேசியாவும் இரண்டு காங்கோ நாடுகளும் பீட் நிலப் பாதுகாப்புக்கான பிராசவில் பிரகடனத்தில் இணைந்தன. 2022இல் உலகப் பீட் நில மதிப்பீட்டு அறிக்கை வந்தது. தீர்மானங்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது பிராசவில்தான். நிலத்தைக் கெடுத்து அதன் விலையைக் கொடுத்த நாடு, இன்னும் கெடாத நிலத்தை வைத்திருக்கும் நாடுகளுக்குத் தன் அனுபவத்தை நேருக்கு நேர் சொல்ல முன்வந்த இடம் அது.

மீட்டெடுப்பு என்பது செயலில் எப்படி இருக்கும்? முதல் வேலை வாய்க்கால்களை அடைப்பது. மரப்பலகையாலோ, மண்ணாலோ, அங்கேயே கிடைக்கும் ஈரப் பீட்டாலோ சிறுசிறு தடுப்புகளை அடுக்கடுக்காகக் கட்டுவார்கள். பெரிய அணை ஒன்றைக் கட்டினால் நீரின் அழுத்தம் பக்கவாட்டில் பீட்டை அரித்துக்கொண்டு போய்விடும். ஆகவே ஒவ்வொரு தடுப்புக்கும் இடையே நீர்மட்ட வேறுபாடு சிறியதாக இருக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் வடகோடியில் உள்ள ஃப்ளோ கன்ட்ரியில் இன்னொரு வேலையும் தேவைப்பட்டது. 1980களில் வரிச்சலுகையைக் குறிவைத்து அந்தச் சதுப்பில் ஊசியிலை மரங்கள் நடப்பட்டன. 1988இல் சலுகை நிறுத்தப்பட்டது. பின்னர் மீட்டெடுப்புக்காக அந்த மரங்களை வெட்டி அகற்ற வேண்டியதாயிற்று. மரம் நடுவது எங்கும் நன்மையே என்று பழகிப்போன காதுகளுக்கு, இயற்கையைக் காக்க மரத்தை வெட்டுகிறார்கள் என்பது அதிர்ச்சியாக இருக்கும். மரம் நீரை உறிஞ்சுகிறது, அதன் வரிசைகளுக்கிடையே வெட்டிய சால்கள் நீரை வடிக்கின்றன, சில மீட்டர் ஆழப் பீட்டில் உள்ள கார்பனோடு ஒப்பிட்டால் மரத்தில் சேரும் கார்பன் சொற்பம் என்று விளக்கியபோது எதிர்ப்பு தணிந்தது. 2024 ஜூலையில் ஃப்ளோ கன்ட்ரி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்ந்தது.

பீட் வெட்டி எடுத்து வெறுமையாக்கிய நிலத்தில் நீரை நிறுத்தினால் மட்டும் பாசி வந்துவிடாது. கனடாவில் லின் ரோஷ்ஃபோர்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் 1990களிலிருந்து வளர்த்தெடுத்த முறையில், நலமான சதுப்பின் மேற்பரப்பிலிருந்து பாசியை மெல்லியதாகச் சீவியெடுத்து, மீட்க வேண்டிய நிலத்தில் தூவி, மேலே வைக்கோல் பரப்புகிறார்கள். ஒரு ஹெக்டேரில் எடுத்தது சுமார் பத்து ஹெக்டேருக்குப் போதும். எடுத்த இடமும் சில ஆண்டுகளில் தேறிவிடுகிறது. வெப்பமண்டலச் சதுப்புக் காட்டுக்கு இத்தகைய எளிய முறை இல்லை. அங்கே மரங்கள் திரும்பி வரப் பல பத்தாண்டுகள் ஆகும், பீட் மீண்டும் படியத் தொடங்க அதைவிடக் கூடுதல் காலம் ஆகும். மீட்டெடுப்பு என்ற சொல் நம்மை ஏமாற்றிவிடக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நீரை நிறுத்தி இழப்பைத் தடுக்கலாம்; ஹோம் ஃபென்னில் போன நான்கு மீட்டரைத் திரும்பப் பெற நான்காயிரம் ஆண்டுகள் வேண்டும்.

மாநாடுகளில் தவறாமல் எழும் ஓர் ஆட்சேபம் மீத்தேன். நீர் நிறைந்த பீட் நிலத்தில் உயிர்வளி இல்லாத சூழலில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வீரியமாக வெப்பத்தைப் பிடித்து வைக்கும். அப்படியானால் நனைப்பது கேட்டை வேறு வடிவில் கொண்டுவருவதாகாதா என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. விடை, இரு வாயுக்களின் ஆயுளில் இருக்கிறது. மீத்தேன் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பெரும்பாலும் சிதைந்துவிடும். கரியமில வாயு நூற்றாண்டுகளுக்கு அப்பாலும் சேர்ந்துகொண்டே போகும். வடித்த நிலத்தை உடனே நனைத்தால், மீத்தேனையும் கணக்கில் சேர்த்த பிறகும், நீண்டகால வெப்பமேற்றம் குறைவாகவே இருக்கும் என்று ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டு ஆய்வாளர்கள் 2020இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். செய்முறையிலும் இதற்கு வழி உண்டு. நீரைத் தரைக்குமேல் குளம்போல் தேக்கினால் மீத்தேன் மிகும். தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்தினால் மேலடுக்கில் உள்ள வேறு நுண்ணுயிர்கள் அதை உண்டுவிடும். இங்கும் பேச்சு சில சென்டிமீட்டர்களைப் பற்றித்தான்.

அறிவியல் இவ்வளவு தெளிவாக இருந்தும் வேலை ஏன் மெதுவாக நடக்கிறது என்றால், அந்த நிலத்தில் மனிதர்கள் வாழ்கிறார்கள், அதை நம்பிப் பிழைக்கிறார்கள் என்பதே காரணம். ஜெர்மனியில் பீட் நிலங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் வடிக்கப்பட்டவை. நாட்டின் மொத்த உமிழ்வில் சுமார் 7 சதவீதம் அவற்றிலிருந்து வருகிறது. அவற்றில் பெரும்பகுதி மேய்ச்சலுக்கும் பயிருக்கும் பயன்படுகிறது. அங்குள்ள உழவரின் பாட்டனார் அரசு சொல்லித்தான் வாய்க்கால் வெட்டினார். சதுப்பை வடித்தவர் அன்று முன்னோடி என்று பாராட்டப்பட்டார். இன்று அதே வாய்க்காலை அடைக்கச் சொல்லும்போது இழப்பு முழுவதையும் அவர் தலையில் ஏற்றுவது அறமாகாது. பீட் நில ஆய்வாளர் ஹான்ஸ் யூஸ்டனும் கிரைஃப்ஸ்வால்டு ஆய்வு மையமும் பல ஆண்டுகளாக வலியுறுத்தும் ஈரநிலை வேளாண்மை இதற்கு ஒரு விடை: நிலத்தை நனைத்துவிட்டு, நனைந்த நிலத்தில் விளையும் நாணலையும் சம்பங்கோரையையும் ஸ்பேக்னத்தையும் பயிராக எடுப்பது. சம்பங்கோரையிலிருந்து வெப்பத்தடுப்புப் பலகை செய்ய முடிகிறது. விளைந்த ஸ்பேக்னம் நாற்றங்கால்களில் பீட்டுக்கு மாற்றாகிறது. ஆனால் வாங்கும் ஆலையும் நிலையான விலையும் இல்லாதவரை அது செய்முறை வயலைத் தாண்டாது. பயிர் இருக்கிறது, சந்தை இல்லை என்று உழவர்கள் சொல்வதை மாநாட்டு அரங்கில் இருப்பவர்கள் இன்னும் போதிய அக்கறையோடு கேட்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அயர்லாந்தின் அனுபவம் வேறு வகையானது. பீட் எரித்து மின்சாரம் எடுத்த ஷானன்பிரிட்ஜ், லேன்ஸ்பரோ நிலையங்கள் 2020 இறுதியில் மூடப்பட்டன. அரசு நிறுவனமான போர்டு நா மோனா பீட் வெட்டுவதை முடித்துக்கொள்வதாக 2021 ஜனவரியில் அறிவித்தது. வெட்டி முடித்த சதுப்புகளில் 33,000 ஹெக்டேரை மீட்க 12.6 கோடி யூரோ ஒதுக்கப்பட்டது. நேற்று வரை பீட் வெட்டிய இயந்திரத்தை ஓட்டியவர்களே இன்று வாய்க்காலை அடைக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறார்கள். எந்த வாய்க்கால் எங்கே போகிறது, எந்த இடத்தில் மண் இளகும் என்பது அவர்களுக்கு வரைபடம் இல்லாமலே தெரியும். தொழில் மாற்றத்தின் சிக்கல்கள் எல்லாம் அங்கே தீர்ந்துவிட்டதாகச் சொல்ல முடியாது; ஆனாலும் பழைய திறமையைத் தூக்கியெறியாமல் புதிய வேலைக்குத் திருப்பியது பின்பற்றத் தக்கது. முதல் மாநாடு கூடிய நாட்டிலேயே இது நடந்திருப்பது மனத்துக்கு நிறைவளிக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த இயற்கை மீட்டெடுப்புச் சட்டம், வேளாண் பயன்பாட்டில் உள்ள வடிக்கப்பட்ட பீட் நிலங்களில் 2030க்குள் 30 சதவீதத்திலும், 2040க்குள் 40 சதவீதத்திலும், 2050க்குள் 50 சதவீதத்திலும் மீட்டெடுப்பு நடவடிக்கைகள் இருக்க வேண்டும் என்கிறது. இந்த எண்களை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. 2030 இலக்கில் உண்மையில் நனைக்கப்பட வேண்டியது அந்த 30 சதவீதத்தில் கால் பங்கு மட்டுமே; பிந்தைய இரு இலக்குகளிலும் மூன்றில் ஒரு பங்கு. தனி உழவரையோ நில உரிமையாளரையோ நனைக்கக் கட்டாயப்படுத்தவும் முடியாது. பீட் நிலத்தில் இந்த விருப்பத் தேர்வு ஒரு தனிச் சிக்கலைக் கொண்டுவருகிறது. ஒரே கவிகையில் பத்துப் பேருக்கு நிலம் இருந்து ஒன்பது பேர் இசைந்தாலும், நடுவே உள்ள ஒருவர் வாய்க்காலைத் திறந்து வைத்திருந்தால் மற்றவர் நிலத்து நீரும் வடியும். ஒன்பது பேர் அடைத்தால் பத்தாமவரின் வயலில் நீர் ஏறும். ஆகவே நீரியல் எல்லையை அலகாகக் கொண்டு, அதற்குள் உள்ள அனைவரையும் ஒருங்கே அழைத்து, நிலமாற்றோ இழப்பீடோ கொடுத்து முடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. டென்மார்க் 2024இல் அரசு, உழவர் அமைப்புகள், இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் ஆகிய தரப்புகளைக் கூட்டிச் செய்துகொண்ட உடன்பாட்டில் 1,40,000 ஹெக்டேர் கார்பன் மிகுந்த தாழ்நிலங்களை வேளாண்மையிலிருந்து விடுவிக்க ஒத்துக்கொண்டிருப்பது இந்த வழியில் எடுத்து வைத்த அடி.

எல்லாவற்றுக்கும் மேலாக, மீட்டெடுப்பின் ஆரவாரத்தில் கெடாத நிலம் மறக்கப்படும் ஆபத்து இருக்கிறது. காங்கோ வடிநிலத்தின் நடுவே 1,45,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் சுமார் 30 பில்லியன் டன் கார்பனோடு பீட் நிலம் இருப்பதை 2017இல்தான் கிரேட்டா டார்கி, சைமன் லூயிஸ் முதலியோர் உலகுக்கு அறிவித்தார்கள். அங்கே வாழும் மக்கள் மீன்பிடித்தும் வேட்டையாடியும் அந்தச் சதுப்பைத் தலைமுறை தலைமுறையாகக் கெடாமல் வைத்திருக்கிறார்கள். 2022 ஜூலையில் காங்கோ ஜனநாயகக் குடியரசு எண்ணெய் வயல் ஏலத்தை அறிவித்தபோது, ஏலப் பகுதிகளில் சில இந்தப் பீட் நிலத்தின்மேல் படிந்திருந்தன. 2024 அக்டோபரில் அந்த ஏலம் கைவிடப்பட்டது. வளங்களைத் தொடாதே என்று ஓர் ஏழை நாட்டிடம் சொல்பவர்கள், தொடாமல் இருப்பதற்கு ஈடாகத் தாங்கள் என்ன தருகிறோம் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். கார்பன் சந்தை அந்தப் பணத்தைத் தரும் என்று சிலர் நம்புகிறார்கள். நிலத்தில் நீர் இருக்கும்வரைதான் அந்தக் கார்பனுக்கு மதிப்பு; ஒரே வறட்சியில், ஒரே தீயில், முப்பதாண்டுச் சேமிப்பு போய்விடக்கூடும். எனவே அத்தகைய ஒப்பந்தங்களில் நீர்மட்டக் கண்காணிப்புக்கும் தீத்தடுப்புக்கும் ஒதுக்கும் தொகை முதலில் எழுதப்பட வேண்டும், உள்ளூர் மக்களுக்கு அதில் உரிய பங்கும் முடிவெடுக்கும் குரலும் இருக்க வேண்டும்.

மாநாடுகளில் நாடுகள் தங்கள் சாதனையை ஹெக்டேர் கணக்கில் சொல்கின்றன: இத்தனை லட்சம் ஹெக்டேர் மீட்டோம், இத்தனை ஆயிரம் தடுப்புகள் கட்டினோம் என்று. தடுப்பு கட்டிய அன்றே அந்த ஹெக்டேர் பட்டியலில் ஏறிவிடுகிறது. இரண்டாம் மழையில் அது உடைந்தால் பட்டியலிலிருந்து இறங்குவதில்லை. பீட் நிலத்தில் துளையிட்ட குழாய் ஒன்றைச் செங்குத்தாக இறக்கி, அதற்குள் நீர் எங்கே நிற்கிறது என்று அளப்பது மிகப் பழைய, மிக மலிவான முறை. ஒவ்வொரு ஹெக்டேர் எண்ணுக்கும் பக்கத்தில் அந்தக் குழாயின் கோடைக்கால அளவைத் தொடர்ந்து வெளியிட வேண்டும் என்று அடுத்து கூடும் மாநாடு ஒன்றாவது தீர்மானம் போட்டால், ஐரோப்பிய உழவரும் கலிமந்தான் கிராமத்தாரும் தங்கள் அரசு சொல்வது உண்மையா என்று தாங்களே பார்த்துக்கொள்ள முடியும்.